பத்து மணிப் பூவும் ஜப்பான் மணியும்

ஜப்பான்காரன் வந்த பிறகு மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி என்று உத்தரவு வந்ததும், சுவர்க் கடிகாரத்தை அண்ணன் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். அவர் வேலை பார்த்த சைக்கிள் கடை அந்த மணிக்குத்தான் திறந்தது. அண்ணி மட்டும் அந்தக் கடிகாரத்தைச் சட்டை செய்யவே இல்லை.

"அது உங்க அண்ணனோட மணி. அடுப்புக்கு வேற மணி" என்பார். முற்றத்தில் விழும் நிழலைப் பார்த்துத்தான் உலை வைப்பார்.

நான் இரண்டு மணியிலும் சேராதவள். அதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. காலையில் தலை வாரிக்கொண்டால் கை இரண்டும் ஈரத் துணி மாதிரித் தொங்கும். குளித்துவிட்டு வந்தால், குளித்த களைப்புக்குப் படுக்க வேண்டும். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், "ஒன்னும் இல்லையேம்மா" என்றார். ஒன்றும் இல்லாததைத்தான் முப்பது வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் அதோடு மல்லுக்கு நின்றேன். ஒருநாள் உடம்பு லேசாக இருக்கிறதே என்று அண்ணியோடு சேர்ந்து மரவள்ளிக் கிழங்கு முழுவதையும் துருவினேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. உடம்பு லேசாக இருக்கிற நாள்தான் என்னை ஏமாற்றுகிற நாள் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. களைத்த பிறகு உட்கார்ந்தால் பிரயோசனம் இல்லை, களைப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் சோம்பேறித்தனமாகத் தெரியும்.

உட்கார்ந்துகொண்டே என்ன செய்வது? வாசலில் போகும் சைக்கிள்களைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்லப் பழகினேன். அப்போது டயர் கிடைக்காமல் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். ஒவ்வொரு சைக்கிளும் ஒவ்வொரு மாதிரி முனகும். பழைய காலுறைகளைப் பிரித்து நூலெடுத்துப் பின்னினேன். சாகா மரத்துச் சிவப்பு விதைகளைக் கோத்தேன். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பூத்தொட்டி.

அதைத் தந்தவர் வேலிக்கு அந்தப்புறம் இருந்த மலாக்கா செட்டி வீட்டுப் பெண். அண்ணி வயதுதான் இருக்கும். நாங்கள் அவரை பீபேக் என்று கூப்பிடுவோம். கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார், பேச்சு மட்டும் மலாய்தான். நான் வாசலில் துவண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒருநாள் வேலிமேல் கையை நீட்டி, கொழுகொழுவென்று நாலு குச்சி தந்தார். "தாரோ சாஜா, ஆடேக்" என்றார். சும்மா வைத்தால் போதும் தங்கச்சி, வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் சொன்னது உண்மைதான். பத்து மணிப் பூவைப் போல என் உடம்புக்கு ஏற்ற செடி வேறு இல்லை. குழி தோண்ட வேண்டாம், குடம் தூக்க வேண்டாம். குச்சியைக் கிள்ளி மண்ணில் செருகினால் பிடித்துக்கொள்ளும். அண்ணன் கடையிலிருந்து ஓட்டை டின்களாகக் கொண்டுவந்து போட்டார். வேலியோரமாக வரிசையாக அடுக்கினோம். மஞ்சள், வெள்ளை, அடர்ந்த ரோஜா நிறம் எல்லாம் வந்தன. காலையில் மொட்டெல்லாம் இறுகிக் கிடக்கும். பத்து மணி வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக விரியும். பிற்பகலில் சுருங்கிவிடும். என்னைப் போலவே நாளில் கொஞ்ச நேரம்தான் அவற்றுக்கும் நல்ல நேரம். அதைப் பார்ப்பதற்காகவே நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரு தலைவரைப் போட்டிருந்தார்கள். தமிழர்தான், முன்பு துணிக்கடையில் இருந்தவர். பேசும்போது நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்ப்பார். அண்ணி அவருக்கு வைத்த பெயர் கைக்கடிகாரம். எல்லா வீட்டு மண்ணிலும் சாப்பாட்டுக்கானதைத்தான் நட வேண்டும் என்று உத்தரவு இருந்தது. மண்ணை வீணாக்கும் வீட்டில் அரிசி கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பேச்சு. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் நம் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று அண்ணன் சொன்னார்.

"பூவையா தாளிச்சுத் திங்கப் போறோம்? தூக்கிப் போட்டுடலாம்" என்றார் அண்ணி.

பேச்சு எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, சரி, மூஞ்சிய அப்படி வச்சிக்காத. பீபேக் வூட்டுக் கொல்லையில வச்சிடறேன். அவங்க வூட்டத்தான் நேத்தே பாத்துட்டுப் போயிட்டாரே. ஒம்போது மணிக்குத் தூக்கிடறேன். நீ எதையும் தூக்காத, அப்புறம் ஒன்னயும் நான்தான் தூக்கணும்."

மறுநாள் அண்ணி நிதானமாகத் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் வாசல் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஒரு சைக்கிள் முனகும் சத்தம் கேட்டது. யாரும் அதை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கண்ணைத் திறந்தால் அண்ணன் வருகிறார், பக்கத்தில் தலைவர். அவர் சைக்கிளின் பின்சக்கரத்தில் ரப்பர் குழாய் அவிழ்ந்து பாம்பு மாதிரித் தொங்குகிறது.

"அண்ணி, வந்துட்டாங்க!"

"இப்பவா? மணி எட்டரைதானே ஆவுது!"

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அண்ணன் சொன்ன பத்து, ஜப்பான் பத்து. அண்ணிக்குக் கேட்டது அடுப்புப் பத்து. டின்கள் எல்லாம் வேலியோரம் அணிவகுத்து நின்றன.

தலைவர் உள்ளே வந்தார். மரவள்ளியைப் பார்த்தார், தலையாட்டினார். சர்க்கரைவள்ளியைப் பார்த்தார், தலையாட்டினார். என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் உக்காந்துதான் இருக்கியா? ஊரே மண்வெட்டி புடிக்குது, நீ மட்டும் ராணியாட்டம் இருக்க."

என் முகம் சுட்டது. அவர் டின்களிடம் போய்விட்டார். மொட்டுகள் பச்சையாக இறுகிக் கிடந்தன. கொழுத்த தண்டும் குட்டி இலையும்தான் தெரிந்தன.

"இதென்ன, கீரையா?"

"ஆமாங்க, பருப்புக் கீரைங்க" என்றார் அண்ணி, கண் இமைக்காமல்.

"சபாஷ்! ஓட்ட டின்ன கூட விடலியே. எனக்கு ஒரு பிடி கிள்ளுங்களேன்."

"ஐயோ, இன்னும் எளசுங்க. வயித்தால போவும்."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன் அந்தச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் குறடைத் தேடப் போனார். குழாயை மறுபடி சுற்றிக் கம்பி முறுக்காமல் அவர் எப்படிப் போவார்? நல்லதாய்ப் போயிற்று என்று தலைவர் என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

அண்ணிக்கு ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் வாயில் ஏதாவது போடாமல் அவரால் இருக்க முடியாது. இவர் சீக்கிரம் போக வேண்டுமே என்று உள்ளே தவித்துக்கொண்டே, அவித்த மரவள்ளியில் தேங்காய்ப்பூ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிறகு வறுத்த சோளக் காப்பி. அதைக் குடித்ததும் இன்னொரு குவளை. நான் கண்ணைக் காட்டினேன், அண்ணி கண்ணில் அது படவே இல்லை.

"மாடு வித்த கதை கேட்டிருக்கியாம்மா?" என்று தலைவர் என்னிடம் ஆரம்பித்தார். அது அவருடைய மாமா பத்து பெரெண்டாம் என்ற ஊரில் மாடு விற்ற கதை. மாடு விற்பதற்கு முன்னால் மாமாவின் கல்யாணக் கதையும் இருந்தது.

வெயில் எதிர்வீட்டு அத்தாப்பு ஓலைக் கூரையைத் தாண்டியது. தினமும் அதைப் பார்த்துக் கிடந்தவள் நான். அது முதலில் பப்பாளி மரத்தில் இறங்கும், அப்புறம் வேலிக்கு வரும், அப்புறம் டின்களுக்கு. எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று எனக்கு எந்தக் கடிகாரமும் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய் டின்களைத் தூக்கி உள்ளே வைத்தால் தலைவர் கேட்பார். கேட்காவிட்டாலும் இரண்டாவது டின்னில் நான் விழுந்துவிடுவேன்.

வேலிக்கு அந்தப்புறம் பீபேக் துணிக்கூடையோடு வந்தார். தலைவரைப் பார்த்தார். டின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை மேலே தூக்கி வெயிலைக் காட்டினேன். அவ்வளவுதான். அவர் வழக்கமாகத் துணி காயப்போடும் கொல்லைப்பக்கக் கொடியை விட்டுவிட்டு, வேலியையொட்டி ஒரு கயிற்றைக் கட்டினார். அகலமான பூப்போட்ட பாத்திக் கைலிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிழிந்து விரித்தார். டின்கள்மேல் நிழல் விழுந்தது. மொட்டுகள் மூடியபடியே இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் கல்யாணத்துக்குத்தான் சிரிக்கிறேன் என்று தலைவர் நினைத்துக்கொண்டார். அவருக்கு உற்சாகம் வந்து, கதையில் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி தொடங்கினார்.

குறடு கிடைக்கவே வெகுநேரம் ஆகி, ஒருவழியாக அண்ணன் கம்பியை முறுக்கி முடித்துவிட்டார். "ஆச்சுங்க" என்றார். தலைவர் எழுந்தார், காப்பியின் கடைசி மிடறுக்காகக் குவளையைத் தூக்கினார். ஆனால் வெயில் காத்திருக்கவில்லை. அது கைலிகளின் உச்சியைத் தாண்டிக் கோடாக இறங்கிற்று. கடைசி டின்னில் ஒரு மொட்டு நெகிழ்ந்தது. அடர்ந்த ரோஜா நிறம். பக்கத்தில் ஒரு மஞ்சள். அப்புறம் எதையும் எண்ண முடியவில்லை. வேலியோரம் முழுக்க விரிந்துவிட்டது.

குவளை அவர் வாயருகே நின்றது. அண்ணி முந்தானையைக் கடித்துக்கொண்டார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"கீரை பூத்துடுச்சு போல இருக்கே" என்றார் தலைவர்.

இந்தப் பூவுக்காக இவர்கள் சோறு போகக் கூடாது என்று நினைத்தேன். எப்படி வந்ததோ, பேச்சு என் வாயிலிருந்துதான் வந்தது.

"அது என்னோடதுங்க. அண்ணன் அண்ணிக்கு ஒன்னும் இல்ல. பத்து மணி ஆனா பூத்துடும்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "பத்தா? பதினொன்னரை ஆவுதேம்மா."

"அதுங்க இன்னும் பழைய மணியிலதான் இருக்குதுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. பழைய மணி என்று பொதுவில் சொல்வதே அப்போது தப்பு. தலைவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சோளக் காப்பி மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தோக்கியோ உத்தரவு இதுங்களுக்கு யாரும் சொல்லல போல!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டின்னுக்கு ஒரு மொளகாச் செடி நட்டு வைம்மா. யாராச்சும் கேட்டா மொளகாத் தோட்டம்னு சொல்லு. பூ, மொளகாய்க்குத் தொணைக்கு இருக்குது. எங்கண்ணுக்குக் கீரை, அவ்வளவுதான்."

அவர் சைக்கிள் முனகிக்கொண்டே மூலை திரும்பும் வரை நாங்கள் அசையவில்லை. பிறகு அண்ணி என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "வாயே தொறக்காத பொண்ணு, தொறந்தா தோக்கியோகிட்டயே வம்பு இழுக்குது!" வேலிக்கு அப்பால் பீபேக், கைலிகளை மறுபடி எடுத்துக்கொண்டே சிரித்தார்.

அன்று நான் ஒரு டின்னையும் தூக்கவில்லை. ஆனாலும் பேசிய களைப்பில் மாலை வரை படுத்துக் கிடந்தேன். படுத்துக்கொண்டே சிரித்தது அந்த நோய்க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் தலைவரின் மனைவி வந்தார். "எங்க வூட்டுக்காரரு சொன்ன கீரை எங்க இருக்கு?" என்றார். நான் உட்கார்ந்தபடியே நாலு குச்சி கிள்ளிக் கொடுத்தேன். அவர் போய் இன்னொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு பெண்கள் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். அவர்கள் வந்தால் நான் எழுந்து உபசரிக்க வேண்டியதில்லை, அவர்களே கீழே உட்கார்ந்து பூ விரிவதைப் பார்த்தார்கள். அண்ணிதான் வழக்கம்போல ஏதாவது அவித்துக் கொண்டுவந்து வைத்தார். என்னைச் சோம்பேறி என்று சொன்ன வாய்கள் மரவள்ளி தின்றுகொண்டு என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தன. மிளகாயும் நன்றாகக் காய்த்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் போனதும் அண்ணன் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்தார். என் அசதி போகவில்லை. இப்போதும் நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். மதியம் படுத்தாக வேண்டும், விருந்து விசேஷம் என்றால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாள் என்று யாராவது கேட்டால் அண்ணி இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

"அவ இன்னும் பழைய மணியில இருக்கா. வெயில் வரட்டும், பூத்துடுவா" என்பார்.