கியூ தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜனாதிபதி வேட்பாளர்

இது கியூ தாவரவியல் பூங்காவைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும்போதே பத்திரிகை ஆசிரியருக்கு அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பில் முப்பது வருடமாகப் படம் காட்டிப் படிப்பித்த அந்தப் பெரிய அல்லி இலையை, ஒரு குழந்தையை உட்கார வைத்தாலும் தாழாத அந்த இலையை, நேரில் பார்த்து எழுதுவதாகத் திட்டம். நுழைவுச் சீட்டு இருபத்தைந்து பவுண். நம்முடைய காசில் பத்தாயிரம் ரூபாய். தங்கை கௌரி இணையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். சனிக்கிழமைக்கான சீட்டு. ஞாயிறு எனக்கு விமானம்.

சனி காலை பதினொரு மணிக்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் கௌரி வீட்டு வாசலில் தயாராக நின்றேன். தலைக்கு மேலே விமானங்கள் சக்கரங்களை நீட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் பேச்சின் நடுவே விமானம் வந்தால் எல்லோரும் வாயை மூடி, அது போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள். வீட்டிலிருந்து கியூவுக்கு ஐந்து மைல்கூட இல்லை. பஸ்ஸில் போனால் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ்.

"பஸ்ஸிலை ஏன் அக்கா? நான் காரிலை கொண்டுபோய் விடுறன்," என்றார் கௌரியின் கணவர் நவம். "வழியிலை டூட்டிங்கிலை ஒரு சின்னக் கூட்டம். ஒரு மணித்தியாலம்தான்."

கியூ வடகிழக்கே. டூட்டிங் தென்கிழக்கே, பத்து மைல் தள்ளி. இதை எப்படி "வழியில்" என்று சொல்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். விருந்தாளி கேட்பதா என்று விட்டுவிட்டேன். ரிச்மண்ட் தாண்டியதும் இடப்பக்கம் கியூ என்று அம்புக்குறி போட்ட பலகை வந்தது. கார் நேரே போயிற்று.

"என்ன கூட்டம்?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"கட்சிக் கூட்டம் அக்கா. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆரை நிறுத்துறதெண்டு முடிவெடுக்க வேணும். கடைசியா ரெண்டு பேரிலை வந்து நிக்குது. ஒண்டு செல்வரத்தினம் மாஸ்டர்." ஒரு சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மற்றது எங்கடை அத்தான்."

எங்கடை அத்தான் என்பது ஊரில் வீட்டில் இருக்கும் என் கணவர்.

கட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு அறையில் இயங்கும் மிகச் சின்னக் கட்சி அது. அதன் லண்டன் கிளை பெரியது. செலவை இங்குள்ளவர்கள் பார்ப்பதால் யோசனையையும் இங்குள்ளவர்களே சொல்கிறார்கள். என் கணவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். இதயத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். எவர் எதைக் கேட்டாலும் ஏலாது என்று சொல்லத் தெரியாத மனிதர். வாசிகசாலைத் தலைவர், கூட்டுறவுச் சங்கத் தலைவர், கோவில் பரிபாலன சபைத் தலைவர் என்று எல்லாமே அப்படி வந்தவை. ஒருமுறை பிரதேச சபைக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றது. நான் நித்திரை கொள்ளவில்லை. அது பிரதேச சபைக்கு. இப்போது நாட்டின் ஜனாதிபதிப் பதவிக்கு.

அப்பர் டூட்டிங் ரோட்டில் காரை நிறுத்த இடம் தேடியே அரை மணித்தியாலம் போனது. தெருவைப் பற்றி எழுதாமல் விட முடியாது. வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும், கண்ணாடிக்குப் பின்னே அடுக்கிய மீன் ரோல்ஸ், சேலைக்கடை, நகைக்கடை, மறுபடி ரோல்ஸ். ஒரு மளிகைக் கடைக்கு மேலே மண்டபம். கருவாட்டு வாசம் படியேறி எங்களுக்கு முன்னே போயிருந்தது.

பன்னிரண்டு மணிக் கூட்டம் ஒரு மணிக்குத் தொடங்கியது. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை. தலைவர் குணம் அண்ணை என்பவர், ஓய்வு பெற்ற கணக்காளர். என்னைக் கண்டதும் முன் வரிசையில் இருத்தி ஒரு பொன்னாடையும் போர்த்தினார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும் ரீச்சர்," என்றார். ஆடி மாத வெக்கையில் அதற்குள் வியர்த்தபடி மூன்று மணி நேரம் இருந்தேன்.

பேசியவர்கள் எல்லோரும் "ரெண்டு நிமிசத்திலை முடிக்கிறன்" என்றே தொடங்கினார்கள். செல்வரத்தினம் மாஸ்டருக்குச் சிங்களம் நன்றாக வரும் என்றார் ஒருவர். அதுவே குறை என்றார் அடுத்தவர். என் கணவருக்கு எதிரிகள் இல்லை என்று ஒருவர் புகழ, எதிரி இல்லாதவன் என்ன அரசியல்வாதி என்று பின் வரிசையில் ஒருவர் எழும்பினார். சுவரொட்டியில் வேட்டியா காற்சட்டையா என்பதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. முன்மொழிந்ததை யாரும் வழிமொழியவில்லை, ஆகவே இதுவரை பேசியது எதுவும் செல்லாது என்று ஒருவர் கண்டுபிடித்தார். மறுபடி முதலிலிருந்து.

பொறுக்க முடியாமல் பக்கத்தில் இருந்த நவத்தைக் கேட்டேன். "இவை ரெண்டு பேரிலை ஆராவது வெல்லுவினமோ?"

"சீச்சீ. வெல்லுறதுக்கில்லை அக்கா. தோக்கிறதுக்கு ஒரு மரியாதையான ஆள் வேணும்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்கப்போவதில்லை. இவர்களில் ஒருவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கப்போவது எங்கள் ஊர்க் கொக்குவிலில். அந்தப் படலை என்னுடையது.

நான்கு மணியளவில் என் கணவரின் பக்கம் கைகள் கூடுதலாக உயர்ந்தன. "அப்ப ஏகமனதா எண்டு போடுவம்," என்றார் குணம் அண்ணை. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, "நன்றியுரை, ரீச்சர்," என்று என் பக்கம் ஒலிவாங்கியை நீட்டினார்.

நம்முடைய கூட்டங்களில் இது ஒரு வழக்கம். நாள் முழுக்க ஆண்கள் பேசுவார்கள். கடைசியில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நன்றி சொல்ல விடுவார்கள். அப்போது பாதிப் பேர் தேநீருக்கு எழும்பியிருப்பார்கள். ஆனால் நன்றியுரையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். அதுவும் வழக்கம்தான்.

"மண்டபம் தந்தவைக்கு நன்றி. ரோல்ஸ் பொரிச்சவைக்கு நன்றி," என்றேன். "தலைவருக்கும் நன்றி. அவரிட்டை ஒண்டு கேக்கிறன். எங்கடை வீட்டுக்காரரைக் கேட்டனீங்களோ?"

தேநீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளரான நவம் நிலத்தைப் பார்த்தார். மூன்று மணி நேரம் வேட்டியையும் காற்சட்டையையும் அலசியவர்கள் அந்த மனிதரைக் கேட்கவே இல்லை.

"அதுக்கென்ன, இப்ப கேப்பம்," என்று குணம் அண்ணை என் கணவரை அழைத்து, தொலைபேசியை ஒலிவாங்கியருகில் பிடித்தார். அவர் எடுத்தால் சம்மதித்துவிடுவார். அது எனக்குத் தெரியும்.

எடுத்தார். விஷயத்தைக் கேட்டார். "ஆ... அப்பிடியோ," என்று மண்டபம் முழுக்க அவருடைய குரல் கேட்டது. "நீங்கள் இவ்வளவு பேர் சேர்ந்து கேக்கேக்கை நான் என்னெண்டு..." நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அவ அங்கைதானே நிக்கிறா? அவவிட்டை ஒருக்காக் கேளுங்கோ."

முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் ஏலாது என்று சொல்வது என் வேலை. அன்று டூட்டிங்கிலும் அந்த வேலையைச் செய்தேன்.

"ஏலாது," என்றேன்.

யாரும் வாதாடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "அப்ப மாஸ்டர்," என்றார் குணம் அண்ணை. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் ஆறுவதற்குள் நாட்டுக்கு ஒரு வேட்பாளர் கிடைத்துவிட்டார். அவரையும் யாரும் கேட்கவில்லை. அவருடைய மனைவி மனோரஞ்சிதம் என்னோடு ஒரே பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்தவள். மாஸ்டரைப் போலவே அவளும் ஊரில்தான்; ஏலாது என்று சொல்ல அங்கே இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. என் மனிதர் தப்பிய நிம்மதியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டேன்.

ஐந்தரைக்குக் கார் புறப்பட்டது. பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தேன். ரோல்ஸ் நெஞ்சில் நின்றது. "ஏகமனதா முடிஞ்சுது பாருங்கோ," என்று நவம் சந்தோஷமாகச் சொன்னார். ரிச்மண்ட் வருவதற்கு முன்பே பொறுக்காமல் மனோரஞ்சிதத்துக்குப் போன் எடுத்தேன். ஊரில் அப்போது இரவு பத்து மணி தாண்டியிருந்தது.

"ஆர், நீரோ? கியூத் தோட்டம் பாத்தனீரோ?" என்றாள். "இலை உண்மையிலேயே அவ்வளவு பெரிசோ?"

"அது பிறகு சொல்லுறன். மாஸ்டர் எங்கை?"

"முற்றத்திலை நிண்டு போன் கதைக்கிறார். ஒரு மணித்தியாலமாச்சு. ஆரோ லண்டனிலையிருந்தாம். நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறார். ஏன், என்ன விசயம்?"

கியூ பலகை இப்போது வலப்பக்கம் வந்தது. தோட்டத்தை மூடும் நேரமாகியிருக்கும்.

"ஏன், என்னெண்டு சொல்லுமன்," என்று அவள் மறுபடியும் கேட்டாள்.