அப்பாவை அடக்கம் செய்த நாளில் தோற்ற ஆட்டம்

எழுதுவது என் வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு வேலைக்குப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். தொழிற்சங்கக் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால்கூட, பக்கத்தில் இருப்பவர் தூக்குகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்குவேன். அப்படிப்பட்டவன் புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து நிற்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் பக்கம் இன்றும் பேசுகிறார்கள். பேசும்போதெல்லாம் என் அப்பாவையும் இழுக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களுக்குள் வருடந்தோறும் கால்பந்துப் போட்டி நடக்கும். கிண்ணம் பல வருடமாக எங்கள் தோட்டத்துக் கோயில் அலமாரியில், அம்மனின் வெள்ளிக் கண்மலருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக வந்தது பள்ளத்தில் உள்ள ஒரு சின்னத் தோட்டம். அங்கே ஃபெக்டரியை மூடிவிட்டார்கள், பாதிப் பேர் வெளியூர் போய்விட்டார்கள். பதினோரு பேரைச் சேர்ப்பதற்காக நரைத்த தலைகளையும் இறக்கியிருந்தார்கள். ஜெயிப்போமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை கோல் போடுவோம் என்பதுதான் பேச்சாக இருந்தது.

எங்கள் கோல்கீப்பர் என் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக உள்ள வீடுகளில், கடைசி வீட்டில் வளர்ந்தவன். முப்பது வயதை நெருங்குகிறான். கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை. கிண்ணத்துக்காக லீவு எடுத்துக்கொண்டு வருவான். கொழும்புக்குப் போனவர்களைப் பற்றித் தோட்டத்தில் ஒரு குறை சொல்வார்கள். நல்லது கெட்டதுக்கு வரமாட்டார்கள், வந்தாலும் சட்டை அழுக்காகாமல் ஓரமாக நிற்பார்கள் என்று. தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு எப்போதும் இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என் அப்பா இறந்துபோனார்.

நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர், அதனால் யாரும் அதிர்ந்துபோகவில்லை. அப்பாவுக்கும் கால்பந்துக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. லயத்துக்குப் பின்னால் அவர் லீக்ஸ், போஞ்சி என்று காய்கறி போட்டிருந்தார். பந்து பாத்திக்குள் விழுந்தால் அவர் எடுத்து வைத்துக்கொள்வார். பந்து வேண்டுமென்றால் அடித்தவன் வந்து ஒரு பாத்தி களை பிடுங்க வேண்டும். டீமில் இருக்கும் அத்தனை பேரும் சின்ன வயதில் அப்பாவிடம் களை பிடுங்கியவர்கள்தான். கோல்கீப்பர்தான் அதிகம் பிடுங்கியிருப்பான். அவன் என் அப்பாவைத் தாத்தா என்பான், என்னை மாமா என்பான்.

மறுநாள் விடிந்ததும் தோட்டத் தலைவர் வந்தார். சங்கத்தில் எங்கள் தோட்டத்துக்குத் தலைவர், வயதானவர். பந்தலுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு, தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. மூணு மணிக்கு மெச். பொணத்த மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டோம்னா எல்லாருக்கும் சரியா இருக்கும். டீமும் வந்து தூக்குன மாதிரி இருக்கும், ஊரும் வந்து நின்ன மாதிரி இருக்கும். இல்லாட்டி பாதிப் பேரு கிரவுண்டுல நிப்பாங்க."

நான் தலையை ஆட்டினேன். உள்ளேயிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுக்கிறவள், மலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசினால் அந்தப் பக்கம் கேட்கும் குரல்.

"ஏன் தலைவரே, இப்பவே தூக்கிட்டுப் போயிருங்களேன். மெச் பாக்கப் போற வழிதானே."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்துப் புதைகுழி மேடு உண்மையில் மைதானத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் குழி வெட்டுவதற்குக் கூலி ஆள் கிடையாது. லயத்து இளைஞர்களே மண்வெட்டி, அலவாங்கு என்கிற கடப்பாரையோடு போவார்கள். செத்த வீட்டுக்காரன் அவர்களைக் கேட்கவும் மாட்டான், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வேண்டாம் என்றால் உறவையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். அன்று காலை கிளம்பியவர்களில் முதலில் அலவாங்கை எடுத்தவன் கோல்கீப்பர்.

"ஏய் கொழும்பு, நீ வை. கை நோவும்" என்றான் ஒருவன்.

"நோவுதா இல்லியான்னு வந்து பாரு."

சிரித்துக்கொண்டே போனார்கள். நான் பின்னாலேயே போய், "தம்பி, ஒனக்கு மெச் இருக்கே" என்று மட்டும் சொன்னேன். "தாத்தாவுக்கு வெட்டாம யாருக்கு வெட்டுறது மாமா" என்றான். நான் தேநீர் வைக்கத் திரும்பினேன்.

குழியில் இடுப்பளவு போனதும் பாறை தட்டியது. உடைத்துப் பார்த்தார்கள், உடையவில்லை. அதை மூடிவிட்டுப் பக்கத்தில் வேறொன்று வெட்ட வேண்டியதாயிற்று. மற்றவர்கள் ஆளுக்கு ஆள் மாறினார்கள். அவன் மட்டும் அலவாங்கைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கொழும்புக்காரன் களைத்துவிட்டான் என்று சொல்லியிருப்பார்கள். நான் தேநீர் வாளியோடு போனபோது அவன் இரண்டாவது குழியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தான். கை கொடுத்தேன். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். இரண்டு மூன்று உடைந்து தோல் தொங்கியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அப்பாவை மத்தியானத்தில் எடுத்தோம். டீம்தான் தூக்கியது. தப்புப் பறை அடிக்கிறவர்கள் முன்னால் போனார்கள். மண் தள்ளியதும் ஊர் அப்படியே மைதானத்துப் பக்கம் திரும்பியது. தப்புக்காரர்களும் அதே தப்போடு போனார்கள், ஒவ்வொரு வருடமும் மைதானத்தில் அடிப்பவர்களும் அவர்களேதான். நானும் அக்காவும் சில பெரியவர்களும் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலம் டீமை ஏற்றிப்போன லொறி திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு கோல். ஆட்டம் முடியப் போகிற நேரம், தூறல். எதிர்த் தோட்டத்தின் நரைத்த தலைக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து சும்மா உதைத்த பந்து உருண்டு வந்திருக்கிறது. எங்கள் கோல்கீப்பர் குனிந்து பிடித்தான். பிடித்த பந்து கையிலிருந்து வழுக்கி, காலுக்கு நடுவில் போய்விட்டது. உதைத்தவரே நம்பாமல் நின்றாராம்.

துக்க வீட்டில் பந்தல் இருந்தது, நாற்காலி இருந்தது, தேநீர் கொதித்துக்கொண்டே இருந்தது. அதனால் ஊர் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. பனி இறங்கி, பந்தலில் குண்டு விளக்கைப் போட்டிருந்தார்கள். அப்பாவின் தலைமாட்டு விளக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை. கோல்கீப்பரும் வந்து ஓரத்தில் உட்கார்ந்தான். வராமல் இருந்தால் அதுவும் ஒரு பேச்சாகும் என்று வந்திருப்பான்.

ஓட்டோ ஓட்டுகிற ஒருவர்தான் தொடங்கினார். ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர், தொண்டை கட்டியிருந்தது.

"அந்தப் பந்த எங்க அம்மா புடிச்சிருக்கும். முதுகுல கூடையோட புடிச்சிருக்கும்."

"ஒங்கம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் தலைவர். "ஒன்னக் கூட்டிட்டு வந்ததுக்கு வெசில் சத்தம்தான் மிச்சம்."

கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு பேச்சு தப்புக்காரர்கள் பக்கம் திரும்பியது.

"காலையில சாவுக்கு அடிச்ச தப்ப கிரவுண்டுக்குத் தூக்கிட்டு வந்தா வேற என்னா நடக்கும்" என்றார் ஓட்டோக்காரர்.

தப்புக்காரர்களில் மூத்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நெருப்புல காட்டி சூடேத்தித்தான் கொண்டு வந்தோம். போன வருசமும் அப்புடித்தான்."

"போன வருசம் சாவு இல்ல. இன்னைக்கு அடி மாறவே இல்லியே. அதே சாவு அடி."

"ஒனக்கு அடியப் பத்தி என்னா தெரியும்? ஒனக்கு ஹோர்ன் அடிக்கத்தான் தெரியும்."

இதற்கு நன்றாகவே சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கோப்பைகளை எடுக்கப் போனேன்.

சிரிப்பு அடங்கியதும் ஓட்டோக்காரர் நாற்காலியைத் திருப்பி, கோல்கீப்பரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சரி, தப்ப விடு. கிளவ்ஸ எதுக்குக் கழட்டுன? அதச் சொல்லு."

பந்தலில் எல்லாரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள் போலிருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவன் கையுறையைக் கழற்றி வலைக்குப் பின்னால் போட்டுவிட்டு, வெறுங்கையோடு நின்றிருக்கிறான். அதுவரை ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறான்.

அவன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

"கெழட்டு டீமுதானே, வெறுங்கையே போதும்னு நெனச்சிட்டான்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"அப்புடித்தான். அவனுக்கு என்னா, நாளைக்கி ரயிலேறிடுவான். நாங்கதான் அந்த ஆளுங்க மொகத்துல முழிக்கணும். டவுன் பஸ்ஸுல அவனுங்களோடதான் ஏறணும்." ஓட்டோக்காரருக்குக் குரல் உடைந்தது. அவர் நடிக்கவில்லை. அந்தக் கிண்ணம் அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம். "வருசத்துக்கு ஒருக்கா வர்றவனுக்கு எதுக்கு கோலு? இங்க இருக்கிறவன்ல ஒருத்தன நிப்பாட்டுங்க தலைவரே. இனிமே இவன் வேணாம்."

தலைவர் மறுக்கவில்லை. "பாப்போம்" என்றார். அவர் பாப்போம் என்றால் முடிவாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

நான் அப்போது அவனுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோப்பையை அவன் விரல் நுனிகளால் மட்டும் வாங்கினான். உள்ளங்கையில் பட விடவில்லை. கொப்புளக் கையோடு ஈரக் கையுறைக்குள் எவ்வளவு எரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழி வெட்டியவர்கள் மூன்று நான்கு பேர் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அலவாங்கை அவனிடமே விட்டுவிட்டவர்கள் அவர்கள், அதனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பேசினேன். இத்தனை பேர் நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அவன் கையப் பாருங்க" என்றேன்.

"வேணாம் மாமா" என்றான் அவன், மெதுவாக.

"ரெண்டு குழி வெட்டுன கை. அப்பாவுக்கு வெட்டுன கை. கிளவ்ஸ் போட ஏலாம கழட்டியிருக்கான்."

மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. ஓட்டோக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது, பழகிய வாய்.

"அப்ப பாருங்களேன்" என்றார். "தாத்தா போகும்போதும் நம்ம பந்தப் புடிச்சி வச்சிக்கிட்டாரு."

பந்தல் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். தோற்ற வயிற்றெரிச்சலுக்கு ஒரு காரணம் கிடைத்த சிரிப்பு. பின்னாலிருந்து, "களை புடுங்குனாத்தான் கப்பத் தருவாரு" என்றான் ஒருவன். இன்னும் சிரித்தார்கள். எந்தப் பேச்சு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அந்தப் பேச்சு வந்துவிட்டது, அப்பாவைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஆனால் இப்படி.

அக்கா தேநீர்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் சிரிப்பு நின்றது.

கோல்கீப்பர் எழுந்தான்.

"பந்து என் கையிலருந்து நழுவுச்சு. அவ்வளவுதான். தாத்தாவ இதுல இழுக்காதீங்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போனான். தலைவரும் கொஞ்சம் கழித்து எழுந்தார். "தம்பி, அக்காக்கிட்ட சொல்லு, வெளையாட்டுக்குச் சொன்னானுங்கன்னு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

லயத்துக் கடைசிப் படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். கையில் தடவ தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கொண்டுபோயிருந்தேன். வாங்கிக்கொண்டான், தடவவில்லை.

"சொல்லியிருக்கக் கூடாது மாமா."

"ஒன்ன டீமுல வேணாம்ங்கிறாங்களே. எப்புடிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

"என்னத் திட்டுனா நான் ரயிலேறிப் போயிருவேன். தாத்தா இங்கதானே இருக்கப்போறாரு."

அவன் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். அடுத்த வருடம் வருவாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மறுநாள் காலை நானும் அக்காவும் மேட்டுக்குப் போய்ப் பால் தெளித்தோம். அவன் வட்டகொடையில் ரயிலேறிப் போய்விட்டான். தலைவர் கோயில் அலமாரியைத் திறந்து கிண்ணத்தை எடுத்து, பள்ளத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினார். ஓட்டோக்காரர்தான் கொண்டுபோனார்.