தம்பியின் பத்திரம்

நான்காக மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்துபோன ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. பின்பக்கம் ஒட்டிய செலோடேப்பும் மஞ்சளாகிவிட்டது. அது சித்தப்பாவுடையது. ஆனால் லண்டனில், மிச்சம் (Mitcham) என்ற இடத்திலிருந்த ஒற்றை அறை வீட்டில் அதை வைத்திருந்தவர் பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன். பெரியப்பாவின் சொந்தப் பெயர் ராணுவம் தேடுவோரின் பட்டியலில் இருந்ததால், தம்பியின் பத்திரத்தைக் காட்டிக் கடவுச்சீட்டு எடுத்து இங்கே வந்தவர். அதன் பிறகு வங்கியிலும் கவுன்சிலிலும் வைத்தியசாலையிலும் அவருக்குத் தம்பியின் பெயர்தான். சித்தப்பா ஊரில் காணாமல் போனவர். காணாமல் போன பிறகுதான் அவருடைய பத்திரத்தை அண்ணன் எடுத்தார் என்று நாங்கள் பிள்ளைகள் நினைத்திருந்தோம். வீட்டில் பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஆண்கள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள். சிலருக்குக் கோயில் நிர்வாகம், சிலருக்குக் கிரிக்கெட். பெரியப்பா முன்னோர்களைப் பிடித்துக்கொண்டார். மன்னாரில் எங்கள் பங்குக் கோயிலின் எழுத்தரை நச்சரித்து, ஞானஸ்நானப் பதிவேட்டையும் மரணப் பதிவேட்டையும் பக்கம் பக்கமாக வாட்ஸ்அப்பில் வரவழைத்தார். மிஞ்சிய சுவர்க்கடதாசியின் பின்பக்கத்தில் வம்ச மரம் வரைந்தோம். நான் என் வீடு இருக்கும் மோர்டனிலிருந்து ஞாயிறுதோறும் அவரிடம் போவேன். பூச்சி அரித்த கையெழுத்தை அவர் பூதக்கண்ணாடியால் வாசிக்க, நான் பென்சிலால் கட்டம் போட்டு எழுதுவேன். ஏழு தலைமுறை வரை போய்விட்டோம்.

ஒருநாள் ஒரே தாய் தகப்பனுக்கு ஒரே பெயரில் இரண்டு ஆண் பிள்ளைகளின் பதிவுகள் வந்தன. இரட்டிப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை வெட்டப் போனேன். பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெட்டாதை பிள்ளை. முதலாவது செத்துப்போச்சு, மரணப் பதிவிலை கிடக்கு. செத்த பிள்ளையின்ரை பேரை அடுத்த பிள்ளைக்கு வைச்சிருக்கினம்."

"அப்ப நீங்களும் பரம்பரை வழக்கத்தைத்தான் செய்திருக்கிறியள், பெரியப்பா" என்று பகிடி விட்டேன். அந்த வாயை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. "அவையள் செத்ததின்ரை பேரைத்தான் எடுத்தவை. நான் எடுக்கேக்கை அவன் உயிரோடை இருந்தவன்."

பிறகு அவரே சொன்னார். பத்திரத்தோடு தம்பியின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறார். ஒரு மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாதம் முடியுமுன் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தபோது, காட்ட அட்டை இல்லாத ஒரே ஒருவர் சித்தப்பா. அவரை இறக்கினார்கள். அதற்குப் பிறகு எவரும் அவரைக் காணவில்லை. அட்டை பெரியப்பாவின் சட்டைப் பைக்குள் இருந்தது.

அவர்களுடைய அம்மாவுக்கு, என் அப்பம்மாவுக்கு, அரசாங்கம் சித்தப்பாவின் மரணச் சான்றிதழைத் தர வந்தது. "என்ரை பிள்ளை சாகேல்லை" என்று அவர் கடைசிவரை அதைக் கையால் தொடவில்லை. பெரியப்பாவும் கலியாணம் கட்டவில்லை. தம்பியின் பெயரில் எப்படிக் கலியாணம் எழுதுவது என்று கேட்டார். நாங்கள் அதுவரை அவரைக் கஞ்சன் என்றும் பெண்களுக்குப் பயந்தவர் என்றும் நையாண்டி செய்து வந்தோம்.

அப்போது புற்றுநோய் அவருடைய ஈரலுக்குப் பரவியிருந்தது. "அம்மா சாகவிடாத பிள்ளை. நான் அவன்ரை பேரிலை செத்தா, நான்தான் அவனை ரெண்டாந்தரமும் கொன்றது. என்ரை பேரை எனக்கு எடுத்துத் தா, பிள்ளை. ஒரு லோயருக்கு எழுது" என்றார். ஓம், எழுதுறன் என்றேன்; எழுதவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு உண்மையைச் சொன்னால் குடியுரிமையைப் பறிப்பார்களோ என்ற பயம் எனக்கு. பயம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தக் கிழமை ஷிப்ட், அடுத்த கிழமை பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை என்று தள்ளிப்போட்ட சோம்பலும் அதில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் "எழுதினியோ?" என்று கேட்டவர், கடைசி இரண்டு ஞாயிறும் கேட்கவில்லை.

பெரியப்பாவின் இறப்பைப் பதிய நான்தான் போனேன். பதிவாளர் பெண் அன்பானவள். பெயரைக் கேட்டாள். சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள். சித்தப்பாவினுடையதைச் சொன்னேன். பிறகு கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி, "இவருக்கு வேறு ஏதாவது பெயர் இருந்ததா?" என்று கேட்டாள்.

அவர் என்னிடம் எடுத்துத் தரச் சொன்ன பெயர் என் நாக்கு வரை வந்தது. ஒரு வார்த்தை போதும். இனி அவரிடமிருந்து எதையும் பறிக்க எவராலும் ஏலாது என்பதும் தெரியும். ஆனாலும் சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் பழக்கிய பதில்தான் வாயில் வந்தது.

"இல்லை" என்றேன்.

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அப்பம்மா தன் பிள்ளைக்குத் தொட மறுத்த மரணச் சான்றிதழை நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். இப்போது லாச்சிக்குள் இரண்டு தாள்களும் சேர்ந்து கிடக்கின்றன, சித்தப்பா பிறந்ததும் சித்தப்பா இறந்ததும். வம்ச மரத்தில் பெரியப்பாவின் கட்டத்துக்குக் கோயில் ஏட்டிலுள்ள ஞானஸ்நானம் மட்டும்தான் ஆதாரம். இங்கே வந்த பிறகு அவருடைய பெயரில் எந்த ஏட்டிலும் ஒரு வரிகூட இல்லை.