எடுத்து வைத்த சேர்ட்

எனக்கு வடிவமைப்பாளன் என்ற பெயர் சுனாமியால் வந்தது. கடல் வந்து போன பிறகு எங்கள் பக்கம் வந்திறங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில் பதாகை செய்யும் வேலை கிடைத்தது. கூடாரங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கொடுப்பார்கள். அந்தத் தொட்டியில் அவர்களுடைய இலச்சினையை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று பார்ப்பது என் பொறுப்பு. தொட்டியில் தண்ணீர் இல்லாத நாளிலும் இலச்சினை பளிச்சென்று இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர்கள் மூட்டை கட்டிய பிறகு ஒரு இணையக் கடையில் சேர்ந்தேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு மேல்மாடி அறைதான் முழுக் கடையும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் அங்கிருந்தே பணம் கட்ட, நாங்கள் இங்கே அவர்களுடைய வீட்டுக்குச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்போம். சுனாமி நேரம் பாயும் பானையும் அனுப்பத் தொடங்கிய கடை, சண்டை முடிந்து சில வருடங்களில் கேக்கும் பிரிட்ஜும் அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

கடையின் இணையப் பக்கத்தில் ‘விருப்பப் பட்டியல்’ என்று ஒரு மூலை இருந்தது. பிடித்த பொருளை அதில் போட்டு வைத்துப் பிறகு வாங்கலாம். போட்டவர்கள் வாங்கவில்லை. “அதுக்குள்ள போற சாமான் வெளிய வருகுதில்ல தம்பி, என்னவும் செய்யுங்க” என்றார் முதலாளி. என்னவும் செய்யச் சொல்லி என்னைப் போன்ற ஒருவனிடம் சொல்லலாமா?

முதலில் பெயரை மாற்றினேன். காத்தான்குடிப் புடவைக் கடைகளில் எங்கள் பெண்கள் ஒரு சேலையை விரித்துப் பார்த்து, “இத எடுத்து வைங்க, வாறன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கடைக்காரர் மடித்து அலுமாரியில் வைப்பார். திரும்பி வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. அதை யாரும் கிண்டிக் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தை நினைத்து ‘எடுத்து வைங்க’ என்று பெயர் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

நிறுத்தவில்லை. மற்றக் கடைகள் பொருளை எடுத்து வைத்தவருக்கே நினைவூட்டல் அனுப்புகின்றன. எங்கள் ஆட்களை அது அசைக்காது, ஊரிலிருந்து அம்மா எடுக்கும் போன் கோல்தான் அசைக்கும் என்று எனக்கு ஞானம் பிறந்தது. வெளிநாட்டில் ஒருவர் ஒரு பொருளை எடுத்து வைத்தால், யார், யாருக்கு, என்ன பொருள், என்ன சைஸ் என்று இங்கே வீட்டுக்கு மெசேஜ் போகும்படி செய்தேன். பழையவற்றையும் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியாக எடுத்து வைத்தது எதுவோ அதைப் பற்றி ஒரே காலையில் அனுப்பினேன். மண்வாசனையுள்ள வடிவமைப்பு என்று முதலாளியிடம் சொன்னேன். பாவம், அவரும் தலையாட்டினார்.

முதல் அடி என் வீட்டிலேயே விழுந்தது. என் வீடு என்றால் மாமி வீடு. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான், அவளைக் கட்டுகிறவன் பெட்டியோடு அங்கே போக வேண்டும். நானும் நாவற்குடாவில் அப்படிப் போய் ஒட்டிக்கொண்டவன். லண்டனில் இருக்கும் மச்சான் எப்போதோ ஒரு பிரிட்ஜை எடுத்து வைத்திருக்கிறார். மெசேஜ் மாமிக்கு வந்தது. புதியது வரப்போகிறது என்று அடுத்த நாளே பழைய பிரிட்ஜைத் தன் தங்கச்சி வீட்டுக்கு ஏற்றிவிட்டார். மச்சானோ, சும்மா பார்த்து வைத்தது என்றார். அனலாய் வீசும் அந்தக் கச்சான் காற்றுக் காலம் முழுக்க நாங்கள் சுடுதண்ணீர் குடித்தோம். “மருமகன் கெட்டிக்காரன்” என்று சொல்லித்தான் மாமி ஒவ்வொரு தரமும் செம்பை வைத்தார்.

கடைக் கந்தோர் போனும் ஓயவில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

ஒரு அம்மா மட்டும் போன் எடுக்காமல் நேரே வந்தார். ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். படியேறிய மூச்சு அடங்கும் முன்பே கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு போனை நீட்டினார். நான் அனுப்பிய மெசேஜ்தான்: சுவிஸில் இருக்கும் மகள் ‘தம்பிக்கு’ என்று ஒரு சேர்ட் எடுத்து வைத்திருக்கிறார், பெரிய சைஸ்.

“எந்த இடத்துக்குக் கொண்டு போய்க் குடுப்பீங்க மனே? அத மட்டும் சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்க மாட்டன்.”

ஒரே மகன். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை என்று அவரே சொன்னார். மகளிடம் கேட்கவில்லையா என்றேன்.

“இதெல்லாம் போன்ல கதைக்கிறதா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். சண்டைக் காலத்தில் முக்கியமான எதையும் எங்கள் வீடுகளில் போனில் பேசமாட்டோம், யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயம். அது இன்னும் விடவில்லை. “அதாலதான் மகள் கடையால அறிவிச்சிரிக்காள். அவன் போகக்குள்ள சின்னச் சைஸ் மனே. இப்ப பெரிய சைஸ் எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்? கண்டிரிக்காள்தானே.”

விசாரித்துச் சொல்கிறேன் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் துணிவில்லாமல் கணினியில் மகளின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எல்லாம் சேர்ட்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்று. அடியில் சின்னச் சைஸ், அதற்கு மேல் கொஞ்சம் பெரிது, பிறகு நடுச் சைஸ், மேலே பெரியது. ஒன்றையும் வாங்கவில்லை.

“அவ ஆளக் காணல்ல அம்மா. வளந்திருப்பான் எண்டு நினைச்சுச் சைஸைக் கூட்டிக்கொண்டு வந்திரிக்கா. அவவுக்கும் ஒண்டும் தெரியா. மெசேஜ் அனுப்பினது நான்தான்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சேர்ட்டாகப் பார்த்தார். நீலத்தில் விரலை வைத்தார். “இத அவன் போட மாட்டான். அக்காக்காரி மறந்திட்டாள்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

பிறகு, “மனே, நானும் ஒண்டு எடுத்து வைக்கலாமா?” என்று கேட்டார்.

முதல் வேலையாக மெசேஜ் போவதை நிறுத்தினேன். இல்லாவிட்டால் அவர் எடுத்து வைப்பதை அவருக்கே அறிவித்து இன்னொரு தரம் கொன்றிருப்பேன். பிறகு அவர் பெயரில் கணக்குத் திறந்தேன். வெள்ளையில் மெல்லிய கோடு போட்டது ஒன்றைக் காட்டினார். கணினி சைஸ் கேட்டது. மகள் கடைசியாகப் போட்ட அதே பெரிய சைஸில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“அவனுக்கு அது காணாது. அடுத்ததப் போடுங்க” என்றார். “வந்து என்ட கையால நாலு நாள் சாப்பிட்டானெண்டா அது இறுகும்.”

எடுத்து வைத்தேன்.