செருப்பு விட்ட இடம்வரை கன்னிமார் எல்லை

புது ரோடு எங்கே போட்டாலும் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது" என்று எழுதுகிறவன் நான். சென்ற தை மாதம் விரிஞ்சிபுரம் கோயில் போய்வந்த பதிவிலும், அங்கிருந்து மலையடிவாரம் போகும் சாலையை அகலப்படுத்தி நேராக்கப் போகிறார்கள் என்று துள்ளிக் குதித்து எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒரு கருத்து வந்தது. "அந்த ரோடு எங்க கன்னிமார் மேல போவுது. வர்ற வெள்ளிக்கிழமை ஆபீசருங்க வர்றாங்க. நீங்களும் வந்து பாத்துட்டு அப்புறமா சந்தோசப்படுங்க."

எழுதியவர் செல்வி. இருளர் பெண், ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. சுருக்கென்று தைத்தது. கிளம்பிவிட்டேன்.

சென்னையில் காலை ஆறேகால் ரயில், காட்பாடியில் எட்டேகால். டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய் கொடுத்து வேலூர். அங்கிருந்து ஆம்பூர் பஸ்ஸில் விரிஞ்சிபுரம் கூட்ரோடு. பதினான்கு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். நிற்குமா என்று நடத்துனரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் பள்ளிகொண்டாவில்தான் இறக்கிவிடுவார்கள். கூட்ரோட்டில் இட்லியும் வடகறியும் நாற்பது ரூபாய். வடகறிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. ஓட்டியவர் அன்வர் பாய்.

"இன்னா சார், கன்னிமார் கோயிலுக்கா? சீக்கிரம் பாத்துக்குங்க. திங்கக்கெழம பொக்லைன் வருதாம்."

"யாரும் கேட்கவில்லையா?"

"ஒரு ஷெட்டப் போட்டு உண்டியல் வெச்சிருந்தா ரோடு தானா வளைஞ்சிருக்கும். சொன்னா கேக்க மாட்றாங்க. பேஜாரு சார்."

இறங்கிப் பார்த்தால் கோயில் என்று ஒன்றுமே இல்லை. ஒரு வேப்பமரம், ஆளுயரப் புற்று, அதன் முன்னால் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். புற்றை ஒட்டியே சர்வேக்காரர்கள் அடித்த முளைக்குச்சிகள் வரிசையாகப் போயின. சாலை வரைபடத்தில் இந்த இடத்துக்குப் பெயர் தரிசுப் புறம்போக்கு.

லீவு போட்டுவிட்டு, பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் சிலரோடு காத்திருந்த செல்வியிடம், ஷெட் போட்டிருக்கலாமே என்று நானும் கேட்டு வைத்தேன்.

"எங்க கன்னிங்களுக்குக் கூர ஆவாது சார். வானம் தெரியணும். ரோட்டுக்குப் பயந்து மூடுனா நாங்களே இடிச்ச மாதிரி."

பதினொரு மணிக்கு சர்வே ஆட்களோடு ஜீப் வந்தது. இறங்கிய பெண் பொறியாளர் சிடுமூஞ்சி இல்லை; பொறுமையாகத்தான் பேசினார்.

"கல்லுங்கள ஓரமா நகத்தி வெச்சுக்கலாமேம்மா?"

"புத்த எப்டி மேடம் நகத்துறது?"

"சரி, ஒதுக்கணும்னா எவ்ளோ எடம் ஒதுக்கறது? வேலி இல்ல, எல்லைக்கல் இல்ல. நான் இன்னான்னு எழுதுவேன்?"

செல்வியின் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், புற்றையாவது ஒரு படம் எடுத்து வைப்போம் என்று நான் நடந்தேன்.

"சார்! ஷூ! ஷூவ கயட்டுங்க!" நாலைந்து குரல்கள் ஒன்றாகப் பாய்ந்தன. அப்படியே நின்றேன். புற்றுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். என் காலடியில் இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன.

பொறியாளர் திரும்பினார். "இங்கதான் கழட்டணும்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்றதில்ல மேடம். பொறந்ததுல இருந்து இங்கதான் கயட்றோம். கால் தானா நின்னுடும்." சொன்ன பிறகுதான் செல்விக்கே உறைத்தது. குடியிருப்புப் பக்கம் திரும்பிக் கத்தினார். "எல்லாரும் வாங்க! செருப்பு போட்டுக்கினு வாங்க! எப்பவும் வர்ற வழியாவே வாங்க!"

வந்தார்கள். வீடுகளிலிருந்து, கழனியிலிருந்து, ஆடு மேய்த்த மேட்டிலிருந்து, நாலு பக்கமும் வந்தார்கள். யாரும் அடுத்தவரைப் பார்க்கவில்லை. அவரவர் வழியில் வந்து, அங்கங்கே நின்று, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். கால் மணி நேரத்தில் புற்றைச் சுற்றி ஒரு முழு வட்டம். ஒரு முழம்கூடக் கோணவில்லை.

பொறியாளர் சிரித்துவிட்டார். "டேப்ப எடுங்கப்பா."

செருப்புக்குச் செருப்பு அளந்தார்கள். குறுக்கே பதினெட்டு மீட்டர். வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். மேற்கே இருப்பதும் புறம்போக்குதான், ஒரு சிறுபாலம் சேர்த்தால் சாலையை அந்தப் பக்கம் வளைத்துவிடலாம் என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தும் காட்டினார். "குச்சிங்களப் புடுங்கிடுங்க. மேல நான் பேசிக்கிறேன்."

முதல் குச்சியைப் பிடுங்கியது செல்வி. பெண்கள் குலவை போட்டதில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்? மூன்றே வாரத்தில் ஒப்புதலும் வந்தது.

காகிதத்தில் தரிசு என்று போட்டிருந்தால் தரிசுதான் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இப்போது எங்கே ரோடு போட்டாலும், அங்கே முன்பு யார் எதற்காக நின்றார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் புகழ்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெயர்ப்பலகை கிடையாது, கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இப்போது கூட்ரோட்டிலிருந்து 10.20க்கும் 4.10க்கும் டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்கு இலவசம்.

போன மாதம் அந்த பஸ்ஸில் செல்வியோடு போனேன். நேராகப் போன புதுச் சாலை புற்றுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று மேற்கே திரும்பியது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே எரிந்து விழுந்தார். "எந்த இன்ஜினியர்யா போட்டான் இந்த வளைவ?"

ஜன்னலோரத்தில் இருந்த செல்வி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நாங்கதாண்ணா போட்டோம்!"