ரூஃப் ரேக்கும் ஒரு கட்டிக் கற்பூரமும்

காரின் கூரைமேல் சாமான் கட்ட ரூஃப் ரேக் மாட்ட இன்று ஆஸ்டின் டவுனில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடும் என்ற பயத்தில், ஃபிட்டர் மன்சூர் பாய் பின்னாலேயே இரண்டு மணி நேரம் நின்றேன்.

"பாய், தூசி இருக்கு, நல்லா தொடைங்க."

"தொடைச்சிட்டேன் மேடம்."

"இன்னொரு வாட்டி."

மறுபடி துடைத்தார். கிளாம்ப் உட்காரும் நான்கு இடத்திலும் பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிம் ஒட்டினார். பக்கிள் உரசும் என்று இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொன்னேன். கழற்றி வைத்தார்.

கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

வீட்டு வாசலில் அக்காவின் கணவர் பூஜைத் தட்டோடு காத்திருந்தார். வண்டியில் புதிதாக எது மாட்டினாலும் அவருக்குப் பூஜை போட்டாக வேண்டும். நான் உள்ளே போய் எலுமிச்சம்பழம் எடுத்து வருவதற்குள், கற்பூரத்தை நேராகக் காரின் கூரைமேலேயே வைத்து ஏற்றிவிட்டார்.

வெள்ளைப் பெயின்ட் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருகிக் கொப்பளித்திருக்கிறது.

"என்ன மாமா இது?"

"விடும்மா. இதோட திருஷ்டி கழிஞ்சுது."

பாயை பெல்ட் கழற்றச் சொன்ன என் வாய், இவரிடம் அதற்குமேல் திறக்கவே இல்லை.

நாளை அதே மன்சூர் பாயிடம்தான் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். எப்படி ஆச்சு என்று கட்டாயம் கேட்பார். சாமி பண்ணியது என்று சொல்லவா, சொந்தக்காரர் பண்ணியது என்று சொல்லவா?