வயிற்றுப் பக்கத்து நிறம்

சிங்கராயர் கடலைப் பார்த்ததில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு ஷெட்டின் பெயின்ட் பூத்தில் அவர் பெயின்ட் அடிக்கும் டம்மி மீன்கள்தான் கடலுக்குப் போயின. விரல் நீளத் தகட்டு மீன்கள். தூண்டிலில் கட்டி இழுத்தால் நிஜ மீன் ஏமாந்து கவ்வ வேண்டும். இந்த முறை வாங்கும் கம்பெனி கேட்டிருந்தது, கலங்கல் தண்ணீரில் அடிமணலோடு அப்பிக் கிடக்கும் தட்டை மீனுக்கு. முதல் சாம்பிளை ஒரு மீனும் சீண்டவில்லை என்று பதில் வந்திருந்தது.

"இன்னொரு தடவதான் சிங்கராயரே. இதுவும் போச்சுன்னா பெயின்ட் பூத்த மூடிட்டு ஷெட்ட வாடகைக்கு விட்டுருவேன்" என்றார் முதலாளி மோகன்குமார்.

வண்டிக் கம்பெனிகளில் இப்போது ரோபோ பெயின்ட் அடிக்கிறது. ஐம்பது தாண்டிய சிங்கராயருக்கு இந்த பூத்தை விட்டால் வேறு பூத் இல்லை. முதுகுக்கு ரோஜா, ஆரஞ்சு, மினுக்குத் தூள் என்று மாற்றி மாற்றி அடித்தார். ஒவ்வொன்றையும் மேஜையில் கிடத்தி, மேலிருந்து பார்த்துத் தேர்ந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. சாயங்காலம் வேன் வரும்.

மனசு ஆறாமல் காலையில் பாகலூர் ரோட்டு மீன்கடைக்குப் போனார். ஐஸ்மேல் தட்டை மீன் வகையான நாக்கு மீன் ஒன்று கிடந்தது.

"ரெண்டு கண்ணும் ஒரே பக்கமா இருக்குதே?"

"அது படுத்தே கெடக்கற மீனுண்ணா, மேலதான் பாக்கும்" என்றாள் கடைக்கார சாந்தம்மா. "வாங்கறதுன்னா வாங்குங்க. இப்பிடி மொறச்சுப் பாத்தா மீனுக்கே வெக்கம் வந்துரும்."

சிங்கராயர் நிமிர்ந்தார். வண்டிப் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்து வளர்ந்த கை அவருடையது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்குப் பிரைமர் என்ற முதல் பூச்சோடு சரி. அதற்குமேல் அடித்தால் சூப்பர்வைசர் திட்டுவார். அதே பழக்கத்தில் டம்மி மீனின் வயிற்றையும் சாம்பல் பிரைமரோடு விட்டிருந்தார். அடியில் படுத்திருக்கும் நிஜ மீன் பார்க்கப்போவது அந்த வயிற்றை மட்டும்தான்.

ஷெட்டுக்கு ஓடினார். கண்ணாடி ஜாடியில் கெலவரப்பள்ளி வாய்க்காலின் கலங்கல் தண்ணீரை நிரப்பி, நடுப்பலகை இல்லாத ஸ்டூல்மேல் வைத்தார். டம்மி மீனின் வயிற்றில் ஒவ்வொரு நிறமாகத் தடவி ஜாடிக்குள் தொங்கவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். சிவப்பு கறுத்துப்போனது. வெள்ளை மங்கியது. கிளிப்பச்சை மட்டும் நின்றது.

பெட்டியைப் பிரித்தார். வயிற்றுக்குக் கிளிப்பச்சை அடித்து, பெயின்ட் காயவைக்கும் மின் அடுப்பில் ஏற்றிய முதல் தட்டு காய்ந்து இறங்கியதும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் அந்த அடுப்பை இழுக்காது. வெயிலில் வைத்தால் தூசி ஒட்டும்.

கரண்ட் வரவில்லை. வேன்தான் வந்தது.

"காஞ்சதையும் காயாததையும் பிரிய்யா. மிச்சத்துக்குப் பழைய பீஸையே போட்டுப் பெட்டிய ரொப்பு" என்றார் மோகன்குமார். "பெட்டி கொறஞ்சா நம்மள மதிக்க மாட்டாங்க."

"சாம்பல் வயித்தோட போனா மொதத் தடவ மாதிரியேதான் சார் ஆகும்."

"நான் சொல்றதச் செய்யி."

சிங்கராயர் பழைய மீன்களை அள்ளினார். பெட்டிப் பக்கம் போகவில்லை. பெயின்ட் உரிக்கும் மருந்து டிரம்மில் அப்படியே கொட்டினார். நிறமெல்லாம் தோல் மாதிரிச் சுருண்டு மேலே வந்தது.

மோகன்குமார் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "இது தவறுச்சுன்னா நாளப்பின்ன இந்தப் பக்கம் வராதய்யா."

"தவறுச்சுன்னா வர்றதுக்கு என்ன சார் இருக்குது?"

காய்ந்த பச்சை வயிறுகளை மட்டும் சின்ன அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, டிரைவர் கையில் கொடுத்தார்.

"இவ்ளோதானா?" என்றான் டிரைவர்.

"இவ்ளோதான். கிளம்பு."